திங்கட்கிழமை ஊசி

சீப்பு உள்ளே போயிற்று. பவுடர் டப்பா போயிற்று. மூக்குக்கண்ணாடியை முகத்தில் மாட்டுவதா, பக்கத்தில் வைப்பதா என்று இரண்டு பெண்கள் அடங்கிய குரலில் சண்டை பிடித்து, கடைசியில் பக்கத்தில் வைத்தார்கள். அப்படியும் இராக்கம்மாவுக்குத் திருப்தியில்லை. மகள் தினமும் தொட்ட சாமான் ஒன்றுகூட வீட்டில் தங்கக்கூடாது, எல்லாம் சவப்பெட்டிக்குள் அவளோடு போய்விட வேண்டும் என்பது அந்தத் தாயின் பிடிவாதம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அந்த வீட்டின் முன் அறைக்கும் சமையலறைக்கும் ஓயாமல் நடந்தாள். ஐந்தாவது நடையில் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியை எடுத்து வந்தாள்.

“இதையும் வைங்கடி. வெள்ளிக்கெழமையானா மறக்காம எடுப்பா எம்மக. என்னா மருந்தோ ஏதோ.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கஜேந்திரன் நிமிர்ந்தான். இறந்துபோன ஜெயந்தினியின் புருஷன். சனிக்கிழமை காலையிலிருந்து யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தவன் அவன். சவப்பெட்டிக்கு என்ன நிறம் என்று கேட்டபோதும் தலையாட்டினான், குழியை எங்கே வெட்டுவது என்று கேட்டபோதும் தலையாட்டினான். இப்போதுதான் வாயைத் திறந்தான்.

“அத்த, அத எங்கிட்ட குடுங்க.”

இராக்கம்மா கொடுத்தாள். ஃபிரிட்ஜின் ஈரத்தில் அட்டை நமுத்துப் போயிருந்தது. உள்ளே பேனா மாதிரி ஒரு ஊசி. அதைச் சுற்றி ஒட்டியிருந்த லேபிளின் ஓரம் ஈரத்தில் கிளம்பி நின்றது. கஜேந்திரன் தேயிலைத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் பதினெட்டு வருடமாக வேலை செய்பவன். லேபிள் ஓரம் கிளம்பி நின்றால் அவன் விரல் சும்மா இருக்காது. நகத்தை வைத்து இழுத்தான். முழு லேபிளும் தோல் மாதிரி கழன்று வந்தது. அடியில் இன்னொரு லேபிள் இருந்தது.

அதில் இருந்த பெயரை அவனால் எழுத்துக் கூட்டாமலே வாசிக்க முடிந்தது. அவன் அப்பா கடைசி ஆறு வருடம் சீனி வருத்தத்துக்குப் போட்டுக்கொண்ட மருந்து அது. அளவு கூடிய நாளில் அவரும் வியர்த்துச் சாய்வார், சீனித் தண்ணீர் கொடுத்துத்தான் எழுப்புவார்கள். இன்சுலின்.

ஜெயந்தினிக்குச் சீனி வருத்தமே கிடையாது.

அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளில் பாதி அவள் மடியில்தான் தூங்கும். “டீச்சர் மடி நல்ல மெத்த” என்று தாய்மார் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவது கஜேந்திரனுக்கு மட்டும் தெரியும். போன மாதம் அவளும் அவளுடைய சிநேகிதி முஷ்ரிபாவும் போனில் மருந்து விற்கும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். முஷ்ரிபா பதுளைக்கு இறங்கும் பாதையில் வீட்டோடு தையல் கடை வைத்திருப்பவள். பிள்ளைக்காம்பராவுக்குத் திரைச்சீலை தைக்க வந்து சிநேகிதியானவள். வாரம் ஒரு ஊசி, பசி அடங்கும், உடம்பு இறங்கும் என்று அந்தப் பக்கம் சொன்னது. டவுன் பார்மசியில் ஒரு இருமல் மருந்து வாங்கப் போனாலே நாலு கேள்வி கேட்பார்கள். இந்தப் பக்கத்துக்காரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: ஒன்றா, இரண்டா? டொக்டர் எழுதும் மருந்துத் துண்டு வேண்டாம். கடைக்கு விலாசம் இல்லை. மருந்தாளரின் பெயர் இல்லை. ஒரு போன் நம்பர், ஒல்லியான ஒரு பெண்ணின் படம், அவ்வளவுதான்.

முதல் மாதத்து ஊசிகள் வேலை செய்துவிட்டன. அதுதான் பெரிய வினையாகப் போயிற்று. சேலைக் கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடியதும் ஜெயந்தினி பூரித்துப் போனாள். “யாருக்கும் சொல்லிராதீங்க. நானா மெலிஞ்சேன்னு நெனைக்கட்டும்” என்று புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளும் முஷ்ரிபாவுமாகச் சேர்ந்து ஒரு தந்திரமும் கண்டுபிடித்தார்கள். விரத நாளில் ஊசி போட்டால் பசியும் தெரியாது, பலனும் இரட்டிப்பு. ஜெயந்தினிக்கு வெள்ளிக்கிழமை விரதம். முஷ்ரிபா திங்கட்கிழமைகளில், கடமையில்லாவிட்டாலும் விரும்பிப் பிடிக்கும் சுன்னத்து நோன்பு பிடிப்பவள். மதியத்து லுஹர் தொழுகை முடித்து ஊசி போட்டுவிட்டு, ஒரு மணிக்கு ஜெயந்தினிக்கு அழைப்பு எடுத்து, “குத்திட்டேன்டி” என்பாள். அதைக் கேட்டு இவள் இங்கே கையில் இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து குலுங்கிச் சிரிப்பாள்.

இரண்டாம் மாதத்துப் பார்சல் போன வியாழக்கிழமை வந்தது. டவுனுக்குப் போய் அதை வாங்கி வந்தவன் கஜேந்திரன். கையில் வெதுவெதுப்பாக இருந்தது. முதல் தடவை உள்ளே ஐஸ் பை இருந்தது, இந்தத் தடவை இல்லை. பஸ்ஸில் பிரித்துப் பார்த்தான். இரண்டு அட்டைப் பெட்டியிலும் திகதிக்குக் கீழே பெட்டிக்குப் பெட்டி மாற வேண்டிய அந்த நீண்ட இலக்கம் ஒன்றாகவே இருந்தது. தேயிலைச் சாக்கு இரண்டில் ஒரே இலக்கம் விழுந்திருந்தால் அவன் லொறியையே நிறுத்தியிருப்பான். இறங்கிப் போய் ஒன்றை முஷ்ரிபாவின் கையில் கொடுத்தான். மற்றதை வீட்டில் கொடுக்கும்போது மட்டும் சொன்னான்.

“ரெண்டுலயும் ஒரே நம்பரு இருக்கே ஜெயா.”

“ஒரே கம்பெனி சாமான்னா அப்புடித்தாங்க இருக்கும். எல்லாத்தையும் தேயிலச் சாக்கு மாதிரி பாக்காதீங்க.”

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டான். வெள்ளி இரவு விரதத்தோடு ஊசி போட்டுக்கொண்டு படுத்தாள். சனி விடியக்காலை மெத்தை நனையும்படி வியர்த்துக் கிடந்தாள். எழுப்ப எழுப்ப எழவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. பிரேத பரிசோதனைக்கு முன் டொக்டர் கேட்டார்: “மருந்து ஏதாவது எடுத்தாங்களா? ஊசி ஏதாவது?” கஜேந்திரன் “இல்லீங்க” என்றான். மெலியப் போய்ச் செத்தாள் என்று நாளைக்கு லயம் முழுக்கப் பேசும் என்ற ஒரே பயம். நேற்று முஷ்ரிபா வந்து கதவோரம் நின்று அழுதுவிட்டு, அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, உண்மையச் சொல்லுங்க, வெள்ளிக்கெழம ஊசி போட்டாளா?” என்று கேட்டாள். அவளிடமும் அவன் “இல்லம்மா, போடல. ஹார்ட் அட்டாக்” என்றுதான் சொன்னான்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

கஜேந்திரன் எழுந்த வேகத்தில் குத்துவிளக்கு சாயப் பார்த்தது. முஷ்ரிபாவின் நம்பர் அவனிடம் இல்லை. ஜெயந்தினியின் போனில்தான் இருந்தது. அந்தப் போனும் இராக்கம்மாவின் தயவில் சவப்பெட்டிக்குள் கிடந்தது. எடுத்தான். பூட்டியிருந்தது. மனைவியின் வலது கைப் பெருவிரலைத் தூக்கித் திரையில் வைத்து அழுத்தினான். சுற்றி இருந்த பெண்கள், மனுஷன் கடைசியாகக் கையைப் பிடிக்கிறான் என்று நினைத்து ஓவென்று குரலெடுத்தார்கள். போன் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். அந்த விரலில் சூடே இல்லை, எப்படித் திறக்கும்?

“அப்பா, குடுங்க.” மகள் சுதர்ஷினி அழுத கண்ணோடு கையை நீட்டி, திரையில் ஒரு கோடு இழுத்தாள். திறந்தது. அவளுக்கு என்ன ஏதென்று தெரியாது. ஆனால் அப்பா அந்த விரலைத் திரும்பத் திரும்ப அழுத்திய விதத்தைப் பார்த்து, கேள்வி கேட்கும் நேரம் இது இல்லை என்று புரிந்துகொண்டாள்.

முஷ்ரிபாவுக்கு அழைப்பு போயிற்று. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை எடுத்தான், அதற்கும் பதிலில்லை. குரல் செய்தி அனுப்பினான். “முஷ்ரிபா, ஊசி போடாதீங்க, போட்டுறாதீங்க.” மலைச் சிக்னல் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்று நின்றது.

கஜேந்திரன் ஊசிப் பேனாவையும் கழன்ற லேபிளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வாசலில் தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் தலைவர் மாடசாமி இரண்டு கையையும் விரித்து மறித்தார். நியாயமான மனுஷன்தான், சங்க வேலையாகட்டும் சாவு வேலையாகட்டும், நேரம் தவறினால் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

“எங்கடா போற? மூணு மணிக்கு எடுக்கணும். கொடம் தூக்குற ஆளு நீ. பொணத்த நடு வீட்டுல போட்டுட்டுப் புருஷன் ரோட்டுல எறங்குனா நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“தலைவரே, விடுங்க. ஒரு உசுரு போகப் போகுது.”

“போன உசுரு உள்ள கெடக்குதுடா!”

சனிக்கிழமையிலிருந்து மூடி வைத்திருந்ததைக் கஜேந்திரன் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான்.

“அது ஹார்ட் அட்டாக் இல்ல! நான் பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியிலயும் பொய் சொன்னேன். ஜெயா மெலியிறதுக்கு ஊசி போட்டுச்சு. போன்ல பாத்து வாங்குன ஊசி. மேல ஒரு பேரு, உள்ள வேற மருந்து. இன்னொரு ஊசி முஷ்ரிபாக்கிட்ட இருக்கு. நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்!”

தப்பு நின்றது. அடித்தவர்கள் குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார்கள். இராக்கம்மா சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மருமகனையே பார்த்தாள். என்ன பார்வை அது என்று நின்று பார்க்க அவனுக்குத் தைரியமும் இல்லை, நேரமும் இல்லை. மாடசாமியின் கை தானாகக் கீழே இறங்கியது.

“நிஷாந்த்!” என்று கத்தினார் அவர். “ஆட்டோவ எட்றா!”

நிஷாந்த் ஜெயந்தினியின் தம்பி. அக்காவின் சாவுக்காகப் பெட்டியும் பந்தல் சாமானும் ஏற்றி இறக்கிய ஆட்டோவில்தான் இரண்டு நாளாகக் குடியிருந்தான். தேயிலை மலைக்குள் வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில், அரைமணி நேர ஓட்டத்தைக் கால்மணியில் ஓட்டினான். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. ஆட்டோ ஒரு சக்கரத்தை ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறக்கி ஏற்றிக்கொண்டு போயிற்று. கட்டியிருந்த வெள்ளைக் கொடி பிய்ந்து பறந்தது. கஜேந்திரன் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

“மச்சான்,” என்றான் நிஷாந்த், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “அக்கா வலியில தவிச்சிச்சா?”

“தூக்கத்துலதான்டா. கத்தல.”

“நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?”

“பக்கத்துலதான்.”

நிஷாந்த் கியரை மாற்றினான்.

முஷ்ரிபாவின் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. கஜேந்திரன் செருப்போடு உள்ளே ஓடினான். தொழுகை விரிப்பு மடிக்கப்படாமல் கிடந்தது, அதன் ஓரத்தில் சத்தத்தை நிறுத்தி வைத்த போன் மினுங்கிக்கொண்டிருந்தது. தையல் மெஷினில் தலையைச் சாய்த்தபடி முஷ்ரிபா உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. மெஷின் மேல் வெள்ளைப் பேனா, மூடி கழற்றியபடி கிடந்தது.

“போட்டுட்டீங்களா?”

அவள் தலையைத் தூக்க முயன்றாள். “தொழுதுட்டு ஒடனே குத்திட்டேன் அண்ணே... ஒங்கட வீட்டுக்குத்தான் வெளிக்கிட்டேன்... காலு நடுங்குது. நோன்புதானே, அதால இருக்கும்.”

“பேனாவுல அளவு வளையத்த எவ்வளவு திருப்புனீங்க?”

“கடைசி மட்டும். அப்பிடித்தானே அந்த ஊசி விக்கிறவன் வொய்ஸ் போட்டிருந்தான்.”

கஜேந்திரன் சமையலறைக்குள் பாய்ந்தான். யார் வீட்டுச் சமையலறை, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாது. உப்பைத் திறந்தான். மாவைத் திறந்தான். நாலாவது டப்பாவில் சீனி இருந்தது. கோப்பையில் கை கையாக அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி விரலாலேயே கலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“குடிங்க.”

“நோன்பு அண்ணே.”

“நோன்பு இன்னொரு நாளைக்குப் பிடிக்கலாம் தாயே, குடிங்க! ஜெயா இந்த ஊசியாலதான் செத்துச்சு.”

அவள் கண் விரிந்தது. “நேத்து நீங்கதானே இல்லண்டு சொன்னீங்க?”

“பொய் சொன்னேன்.” அவன் முழங்காலில் உட்கார்ந்து கோப்பையை அவள் உதட்டில் வைத்தான். “நான் பொய் சொன்னேன்மா. அவ சொல்லாதன்னா, நானும் சொல்லல. குடிங்க.”

முஷ்ரிபா கோப்பையைப் பிடித்தாள். பிறகு “பிஸ்மில்லாஹ்” என்று முணுமுணுத்துக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது, பாதி உள்ளே போயிற்று. இன்னொரு கோப்பை கலக்கினான், அதையும் குடிக்க வைத்தான். நிஷாந்தும் அவனுமாக அவளைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். நாலு கடை தள்ளி வன்பொருள் கடை வைத்திருந்த அவள் கணவன் ஷுக்ரி, கையில் அளவு நாடாவோடு ஓடிவந்து தாவி ஏறினான். வழி நெடுக அவன் “கண்ண மூடாத புள்ள, கண்ண மூடாத” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் மூடப் பார்க்கும்போதெல்லாம் கஜேந்திரன் கையோடு அள்ளி வந்த சீனியை அவள் கன்னத்துக்குள் தடவினான்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த தாதி அந்த எண்ணை இரண்டு தடவை வாசித்தாள். அடுத்த நிமிடம் நாலு பேர் ஓடினார்கள். கையில் ஊசி ஏறியது, சேலைன் தொங்கியது. கஜேந்திரன் சுவரோடு சுவராக நின்றான். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. ஷுக்ரியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இருபது நிமிடம் கழிந்து திரைக்குப் பின்னாலிருந்து முஷ்ரிபாவின் குரல் கேட்டது. தெளிவான குரல்.

“மெஷின் சுவிட்ச நிப்பாட்டினீங்களா?”

ஷுக்ரி சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். ஓடிவந்து கஜேந்திரனைக் கட்டிப்பிடித்து, தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். கஜேந்திரனுக்கு நெஞ்சுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வந்தது. ஒரு உயிராவது தப்பிவிட்டது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான், இதை ஓடிப்போய் முதலில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை கேள்வி கேட்ட அதே டொக்டர் வந்தார். கஜேந்திரன் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் கழன்ற லேபிளையும் எடுத்து நீட்டினான்.

“அன்னைக்கு நீங்க கேட்டீங்க சேர். நான் இல்லன்னு சொன்னேன். இதாங்க.”

டொக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜெயந்தினியின் இரத்த மாதிரி கொழும்புக்குப் போய்விட்டது, இதுவும் பின்னால் போகும் என்றார். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். அடக்கத்தை நிறுத்தத் தேவையில்லை என்று எங்கோ பேசிவிட்டு வந்து சொன்னார். கையெழுத்து வாங்கும்போது டொக்டர் இன்னொன்று கேட்டார்.

“ஒங்க தோட்டத்துல வேற யாராவது இத வாங்கியிருக்காங்களா?”

“இல்லீங்க சேர். ரெண்டு பேருதான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமாங்க. ஜெயா எங்கிட்ட எதையும் மறைக்காது.”

திரும்பி வரும்போது நாலரை மணி. நமுனுகுல மலையில் மேகம் இறங்கிவிட்டிருந்தது. நிஷாந்த் இந்தத் தடவை மெதுவாகத்தான் ஓட்டினான். லயத்துக்குத் திரும்பும் முடக்கில், ஆட்டோவை நிறுத்திவிட்டு ஹேண்டிலில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதான். கஜேந்திரன் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கலையாமல் இருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மாடசாமி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று மணிச் சாவை நாலரை வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தார். சவப்பெட்டியின் மூடியை இன்னும் போடவில்லை. இராக்கம்மா அதே இடத்தில், அதே விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் புள்ள?” என்றாள்.

“பொழச்சிருச்சு அத்த. பேசுச்சு.”

கிழவி தலையை ஆட்டினாள். மகளின் முகத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். “அம்மாக்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேடி. ஒன்ன யாரு குண்டுன்னா? நானா சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு, இரண்டு நாளாக அழாமல் சாமான் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தவள், அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

சுதர்ஷினி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, இங்க வந்து பாருங்க.”

சமையலறை மேசையில், ஆறிப்போன பிளேன்டீக் கோப்பைகளுக்கு நடுவில் மூன்று வெள்ளை அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்று பழைய பேப்பரில் சுற்றி, ஒன்று சோப்பு உறைக்குள், ஒன்று சும்மா.

“யாரு வச்சா?”

“தெரியலப்பா. நீங்க போனப்பறம் நான் வர்றப்பல்லாம் ஒண்ணு கூடியிருந்துச்சு.”

அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். திகதிக்குக் கீழே இலக்கம் இருந்தது. மூன்றிலும் அதே இலக்கம்தான். சுதர்ஷினியிடம் ஒரு பையை வாங்கி மூன்றையும் போட்டு, மேலே ஆணியில் மாட்டினான். முன் அறையில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தான். தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர்கள், மடியை மெத்தை என்று கேலி செய்தவர்கள், எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தப்பு மறுபடி முழங்கத் தொடங்கியது. மூடியைப் போட்டார்கள். வாசலில் ஆண்கள் தோள் கொடுக்க, பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து கதவடிக்கு நெருக்கியடித்தார்கள். குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு கஜேந்திரன் அந்த நெரிசலுக்குள்ளே படியிறங்கினான். ஒரு கை குடத்தில். தொங்கிக்கொண்டிருந்த மற்றக் கையில், யாரோ எதையோ வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டார்கள்.

அட்டை இன்னும் ஜில்லென்று இருந்தது. யார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.